ஒற்றை வால்வா, இணை வால்வா? வீட்டு இசைக்கான வால்வு ஆம்ப்ளிஃபயர்கள்: ஒரு மதிப்பாய்வு

வீட்டில் உட்கார்ந்து இசை கேட்க எந்த வகை வால்வு ஆம்ப்ளிஃபயர் சிறந்தது? ஏறக்குறைய 90 ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு ஒலிக்கருவி செய்தவர்கள் ஒரு பதிலை வைத்திருந்தார்கள். 1947இல் பிரிட்டனிலிருந்து வந்த பதில் அதை ஓரங்கட்டியது. அடுத்த 15 ஆண்டுகளில் அந்தப் பதிலுக்கும் பல திருத்தங்கள் வந்தன. பிறகு ட்ரான்சிஸ்டர் வந்து கேள்வியையே முடித்துவைத்துவிட்டதாகத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஜப்பானிலும் பிரான்சிலும் சிலர் 1930களின் பதிலை மீண்டும் கையில் எடுத்தார்கள். இன்று 75 வாட் கருவியைவிடப் பல மடங்கு விலை கொடுத்து 8 வாட் கருவியை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் புரியாமல் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

முதன்மையான நிலைப்பாடுகள் எங்கே பிறந்தன, எந்த இடத்தில் தளர்கின்றன என்பதைப் பார்ப்பதே இங்கே நோக்கம். ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடலாம். இந்த வாதங்களில் பெரும்பாலானவை ஆம்ப்ளிஃபயரைத் தனியாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு நடந்தவை. அது எந்த ஸ்பீக்கரை ஓட்டுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கில் பாதி தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதி உண்மையிலேயே கடினமானது.

வால்வும் ஸ்பீக்கரும் சந்திக்கும் இடம்

வால்வுக்குள் நடப்பது எளிமையானது. சூடேறிய கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் வெற்றிடத்தைக் கடந்து பிளேட்டை அடைகின்றன. நடுவில் உள்ள கிரிட்டின் மின்னழுத்தத்தைச் சிறிதளவு ஏற்றி இறக்கினால் அந்த ஓட்டம் பெரிய அளவில் கூடிக் குறைகிறது. ஃபிளெமிங்கின் 1904 வால்வில் கேத்தோடும் பிளேட்டும் மட்டுமே இருந்தன. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது முனையைச் சேர்த்தார். அப்படி வந்ததுதான் ட்ரையோடு.

சிக்கல் வால்வுக்கு வெளியே இருக்கிறது. வால்வு தருவது நூற்றுக்கணக்கான வோல்ட்டும் மில்லி ஆம்பியர் கணக்கில் மின்னோட்டமும். ஸ்பீக்கர் கேட்பது சில வோல்ட்டும் ஆம்பியர் கணக்கில் மின்னோட்டமும். 300பி என்ற புகழ்பெற்ற ட்ரையோடு, தன் எதிரே 3500 ஓம் அளவு மின்மறுப்பு இருந்தால் நன்றாக வேலை செய்யும். ஸ்பீக்கரில் இருப்பதோ 8 ஓம். இந்த இரண்டையும் இணைத்துவைப்பது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். 3500ஐ 8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 21 வரும். அதாவது ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்று என்றால் வால்வு பக்கம் 21 சுற்று.

கணக்கு எளிது, கம்பி சுற்றுவது கடினம். தாழ்ந்த அதிர்வெண்கள் இழப்பில்லாமல் வர வேண்டுமானால் நிறையச் சுற்றுகளும் கனமான இரும்பும் வேண்டும். உயர்ந்த அதிர்வெண்களோ சுற்றுகள் குறைவாக இருப்பதையும், முதன்மைக் கம்பியும் துணைக் கம்பியும் அடுக்கடுக்காக மாறிமாறி நெருங்கி இருப்பதையும் கேட்கின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். வால்வு ஆம்ப்ளிஃபயரின் விலையும் எடையும் பெரும்பாலும் இந்த இரும்பிலும் செம்பிலும்தான் இருக்கின்றன. தரமும் அங்கேதான் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். எந்த வால்வு என்ற விவாதத்துக்குச் செலவாகும் நேரத்தில் பாதியை ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுத்திருந்தால் இந்தத் துறை இன்னும் தெளிந்திருக்கும்.

ஒற்றை ட்ரையோடு

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1938இல் 300பியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் வந்த 300ஏ வால்வை வைத்து அந்நிறுவனம் செய்த 91 வகைத் திரையரங்கு ஆம்ப்ளிஃபயர் தந்தது 8 வாட் அளவுதான். திரையரங்கை நிரப்ப அது போதுமா என்று இன்று வியப்பாக இருக்கும். அக்காலத்து ஒலிபெருக்கிகள் பிரம்மாண்டமான கொம்பு வடிவில் இருந்தன, மிகக் குறைந்த மின்சாரத்திலேயே உரத்து ஒலித்தன. அவற்றுக்கு 8 வாட் தாராளம்.

இந்த வகையைச் சிங்கிள் எண்டட் என்பார்கள். ஒலி அலை முழுவதையும் ஒரே வால்வு சுமக்கிறது. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்னோட்டம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். 350 வோல்ட், 60 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் உள்ளே போவது 21 வாட், ஸ்பீக்கருக்கு வருவது 7 வாட் அளவு. இழையைச் சூடாக்க இன்னொரு 6 வாட் தனி. மிச்சமெல்லாம் வெப்பம்.

இதன் பலம் எளிமை. ஒலி கடந்துவரும் பாகங்கள் மிகக் குறைவு, திரிபு உண்டானாலும் அது பெரும்பாலும் 2ஆம் சீரிசையாகவே, அதாவது மூல அதிர்வெண்ணின் இரு மடங்கில் எழும் ஒலியாகவே, இருக்கும். பலவீனங்கள் மூன்று. சக்தி குறைவு. நிலையான மின்னோட்டம் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பை எப்போதும் ஒரு பக்கமாகவே காந்தமேற்றுகிறது. அதைச் சமாளிக்க இரும்பில் காற்று இடைவெளி விட வேண்டும், அதனால் குறையும் தாழ்ந்த ஒலியை மீட்க ட்ரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்க வேண்டும். மூன்றாவது, அடுத்த பகுதியில் வரும் பின்னூட்டம் இல்லாதபோது வெளியீட்டு மின்மறுப்பு 2 அல்லது 3 ஓம் வரை இருக்கும். இந்த மூன்றாவது பலவீனம் மேலோட்டமாகப் பார்த்தால் சிறியது. ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த ஒப்பீடும் நிற்காது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இணை வால்வுகளும் பின்னூட்டமும்

இரண்டு வால்வுகளை எதிரெதிராக நிறுத்தி, ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்படி செய்யும் புஷ்-புல் சுற்றுக்கு எட்வின் கோல்பிட்ஸ் 1915இல் காப்புரிமை பெற்றார். இதில் இரு பக்கத்து நிலையான மின்னோட்டமும் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், காற்று இடைவெளி தேவையில்லை. 2, 4 ஆகிய இரட்டைப்படைச் சீரிசைகளும் பெருமளவு ரத்தாகும். ஒற்றைப்படைச் சீரிசைகள் தங்கிவிடும்.

இதற்கிடையே வால்வும் மாறியது. ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் பெர்னார்ட் டெலகன் 1926இல் ஐந்து முனை வால்வான பென்ட்டோடை உருவாக்கினார். 1936இல் ஆர்சிஏவின் 6எல்6 வந்தது. இவை ட்ரையோடைவிட மிகுந்த சக்தி தந்தன. பதிலுக்கு அதிகமான, காதுக்குக் கடினமான திரிபையும், மிக உயர்ந்த வெளியீட்டு மின்மறுப்பையும் தந்தன. மருந்து ஏற்கெனவே தயாராக இருந்தது. 1927இல் பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும் வழியில், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்தில் எதிர்ப் பின்னூட்டத்தின் அடிப்படைச் சமன்பாடுகளை எழுதிவைத்தார். வெளியே வருவதில் ஒரு பகுதியை எடுத்து உள்ளீட்டோடு எதிர்த்திசையில் சேர்த்தால், பெருக்கம் குறையும். அதே அளவுக்குத் திரிபும் வெளியீட்டு மின்மறுப்பும் குறையும்.

புஷ்-புல்லையும் பின்னூட்டத்தையும் சேர்த்து வீட்டு இசைக்கு ஒரு தரநிலையை வகுத்தது டி. டி. என். வில்லியம்சன் 1947 ஏப்ரல், மே மாதங்களில் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் வெளியிட்ட சுற்று. கேடி66 வால்வுகள் இரண்டை ட்ரையோடாக இணைத்து, 15 வாட் எடுத்து, 20 டெசிபல் பின்னூட்டம் கொடுத்து, திரிபை 0.1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தார். லீக் நிறுவனம் 1945இலேயே 0.1 சதவீத இலக்கைத் தன் கருவியின் பெயராகவே வைத்திருந்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் செய்துபார்க்கும்படி பொதுவில் வந்தது வில்லியம்சனின் சுற்றுதான்.

அதன் தளர்ச்சியும் அந்தப் பின்னூட்டத்திலேயே இருந்தது. பின்னூட்ட வளையத்துக்குள் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் அடங்குகிறது. அதிர்வெண்ணின் இரு கோடிகளிலும் ட்ரான்ஸ்ஃபார்மர் அலையின் கட்டத்தை முன்னோ பின்னோ நகர்த்தும். அந்த நகர்வு அரைச் சுழற்சியை எட்டும் இடத்தில் இன்னும் பெருக்கம் மிஞ்சியிருந்தால் எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாக மாறி, கருவி தானே அலறத் தொடங்கும். எனவே கேட்கும் எல்லையைத் தாண்டி வெகுதூரம் செம்மையாக இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவைப்பட்டது. வில்லியம்சன் அதன் அளவுகளை நுணுக்கமாகக் கொடுத்திருந்தார். மலிவான ட்ரான்ஸ்ஃபார்மரைப் போட்டுச் செய்யப்பட்ட பிரதிகள் பல தடுமாறின.

இடைவழிகள்

பென்ட்டோடின் சக்தியும் ட்ரையோடின் நடத்தையும் ஒன்றாகக் கிடைக்குமா என்ற தேடல்தான் 1950களின் கதை. டேவிட் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும் 1951இல் அல்ட்ரா லீனியர் என்ற இணைப்பை முன்வைத்தார்கள். வால்வின் திரைக் கிரிட்டை நேராக மின்வழங்கியில் கட்டாமல், ட்ரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் ஓரிடத்தில், பெரும்பாலும் 43 சதவீதப் புள்ளியில், இணைப்பது இதன் உத்தி. அடிப்படை எண்ணம் ஆலன் புளூம்லைனின் 1937 காப்புரிமையிலேயே இருந்தது. திரிபு ட்ரையோடுக்கு அருகிலும், சக்தி பென்ட்டோடுக்கு அருகிலும் நின்றன. ஹாஃப்லரின் டைனகோ நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஸ்டீரியோ 70, இஎல்34 வால்வுகளோடு பக்கத்துக்கு 35 வாட் தந்தது. இன்றும் புதுப்பித்துப் பயன்படுத்துகிறார்கள்.

மற்ற இரு வழிகளும் கவனத்துக்குரியவை. ஃபிராங்க் மெக்கின்டாஷும் கார்டன் கோவும் 1949இல் ட்ரான்ஸ்ஃபார்மர் சுமையைப் பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். இரண்டு கம்பிகளை ஒட்டியே சேர்த்துச் சுற்றும் முறை இதற்குத் தேவை. அதனால் இதைப் பின்பற்றியவர்கள் குறைவு. 1961இல் வந்த எம்சி275 கேடி88 வால்வுகளோடு பக்கத்துக்கு 75 வாட் தந்தது. பீட்டர் வாக்கரின் குவாட் II, 1953இல், சுமையில் சிறு பங்கை மட்டும் கேத்தோடுக்குக் கொடுத்து 15 வாட்டோடு நின்றது. முல்லார்டு நிறுவனம் தன் இஎல்84 வால்வை விற்க வெளியிட்ட 10 வாட் சுற்றான 5-10, சிறிய அறைக்கு இன்றும் குறை சொல்ல முடியாத ஒன்று.

ட்ரான்ஸ்ஃபார்மரையே எடுத்துவிடும் வழியை ஜூலியஸ் ஃபட்டர்மன் 1950களில் வளர்த்தார். பல வால்வுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டினாலும் 8 ஓம் அவற்றுக்குக் கடினமான சுமைதான். வெப்பமும் அதிகம். ஃபிலிப்ஸ் 800 ஓம் ஸ்பீக்கரையே செய்து மறுமுனையிலிருந்து இதைத் தீர்க்கப் பார்த்தது. இரண்டும் ஓரமாகவே நின்றுவிட்டன.

தமிழ்நாட்டில் பலருக்கு வால்வு ஒலி என்றதும் நினைவுக்கு வருவது 1960களின் வால்வு ரேடியோ. அவற்றில் பெரும்பாலும் இருந்தது ஒற்றைப் பென்ட்டோடு. அந்த இனிமையில் மரப்பெட்டிக்கும், மத்திய அலை ஒலிபரப்பின் குறுகிய அதிர்வெண் எல்லைக்கும் பெரும் பங்கு உண்டு. அதை வைத்து இந்த வடிவமைப்புகளை எடைபோடுவது சரியாகாது.

ஸ்பீக்கர் மாறியது, கணக்கு மாறியது

1954இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 வந்தது. மூடிய சிறிய பெட்டிக்குள்ளிருந்து ஆழமான தாழ்ந்த ஒலியைத் தந்த அது, அதற்கு ஈடாக மின்சாரத்தை மிகுதியாகக் கேட்டது. 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டு பரவியதும் அறைக்குள் இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டன. கொம்புகள் வீட்டை விட்டு வெளியேறின. வாட் எண்ணிக்கை ஏறியதற்கு இதுவே முதன்மைக் காரணம். விளம்பரப் போட்டி அடுத்ததுதான்.

ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 98 டெசிபல் தரும் கொம்பு ஸ்பீக்கரில் 8 வாட் கொடுத்தால் 107 டெசிபல் வரும். 86 டெசிபல் தரும் இன்றைய சிறிய பெட்டியில் அதே ஒலியளவுக்கு 126 வாட் வேண்டும். 8 வாட் போதுமா என்ற கேள்விக்கு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துப் பதில் சொல்லவே முடியாது.

வெளியீட்டு மின்மறுப்பின் விளைவு இதைவிட நுட்பமானது. 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கரின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். ஓரிடத்தில் 4 ஓம், வேறோர் இடத்தில் 30 ஓம் என்று இருப்பது வழக்கம். ஆம்ப்ளிஃபயருக்குள் 3 ஓம் இருந்தால், 30 ஓம் இடத்தில் மின்னழுத்தத்தின் 11இல் 10 பங்கு ஸ்பீக்கரை அடைகிறது, 4 ஓம் இடத்தில் 7இல் 4 பங்கு மட்டுமே. இரண்டுக்கும் இடையே 4 டெசிபல் வித்தியாசம். இது யாருக்கும் எளிதில் கேட்கும். பின்னூட்டம் கொண்ட புஷ்-புல்லில் 0.5 ஓம் என்று வைத்தால் வித்தியாசம் 1 டெசிபலுக்குச் சற்றுக் குறையும். நல்ல ட்ரான்சிஸ்டர் கருவியில் 0.2 டெசிபலுக்கு வந்துவிடும்.

ஒற்றை ட்ரையோடு ஒரு வீட்டில் பாடகரின் குரலை முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது, இன்னொரு வீட்டில் தாழ்ந்த ஒலியைக் குழப்புகிறது என்ற முரண்பட்ட அனுபவங்களில் கணிசமான பகுதியை இந்தக் கணக்கு விளக்கிவிடும் என்று தோன்றுகிறது.

திரும்பி வந்த வாதம்

ஜப்பானிய ஆர்வலர்கள் பழைய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கருவிகளைத் தேடிச் சேர்த்தார்கள். ஜான் ஹிராகா 1970களில் அந்த ரசனையைப் பிரான்சுக்குக் கொண்டுசென்றார். 1980களின் இறுதியில் ஹிரோயாசு கோண்டோ வெள்ளிக் கம்பி சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர்களோடு செய்த ஒன்காகு ஆம்ப்ளிஃபயர், பெரும் செல்வந்தருக்கே எட்டும் விலையில் வந்தது. இவர்கள் முன்வைத்த வாதம் இரண்டு பகுதி கொண்டது. திரிபின் மொத்த அளவைவிட அதன் வகை முக்கியம். பின்னூட்டம் மொத்த அளவைக் குறைத்தாலும் வகையைக் கெடுக்கிறது.

முதல் பகுதிக்கு வலுவான அடிப்படை உண்டு. ஷட்ஜத்தை 240 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். அதன் 2ஆம் சீரிசை 480, மேல் ஷட்ஜம். 3ஆம் சீரிசை 720, மேல் பஞ்சமம். 5ஆம் சீரிசை 1200, இன்னும் மேலே அந்தர காந்தாரம். ஆனால் 7ஆம் சீரிசை கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே நழுவி விழுகிறது. 11ஆவது இரண்டு மத்தியமங்களுக்கும் நடுவில் நிற்கிறது. குரலிலும் வீணையிலும் 2ஆம் சீரிசை இயல்பாகவே இருப்பதால் இன்னும் சிறிது சேர்ந்தால் நிறம் சற்று மாறும், அவ்வளவே. அதே அளவு 7ஆவதும் 11ஆவதும் சேர்ந்தால் கரகரப்பு தட்டும். பிபிசியின் டி. இ. எல். ஷார்ட்டர் 1950இலேயே உயர்ந்த சீரிசைகளுக்கு அவற்றின் வரிசை எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுதல் எடை தர வேண்டும் என்று எழுதினார். தொழில்துறை அதை ஏற்கவில்லை. ஒற்றைச் சதவீத எண்ணே விளம்பரங்களில் நிலைத்தது. இது ஒரு பெரிய இழப்பு.

ஆனால் 2ஆம் சீரிசைத் திரிபைக் குற்றமற்றது என்று விட்டுவிடவும் முடியாது. இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலித்தால் அது அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் உண்டாக்கும். 240 ஷட்ஜமும் 360 பஞ்சமமும் சேர்ந்தால் 120, 600 என்று கீழ் ஷட்ஜமும் மேல் அந்தர காந்தாரமும் பிறக்கும். இனிமைதான். ஷட்ஜமும் 256 சுத்த ரிஷபமும் சேர்ந்தால் 496 பிறக்கும், மேல் ஷட்ஜத்தின் அருகே சுருதி விலகி நிற்கும் ஓர் ஒலி. தனிப் புல்லாங்குழலுக்குச் சொக்கவைக்கும் கருவி, நூறு வாத்தியங்களின் சிம்ஃபனியில் மங்குவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

இரண்டாம் பகுதி பாதி உண்மை. 1978இல் பீட்டர் பாக்ஸன்டால் காட்டியது இது: கிட்டத்தட்ட 2ஆம் சீரிசை மட்டுமே தரும் ஒரு பெருக்கிக்குச் சிறிதளவு பின்னூட்டம் கொடுத்தால், முன்பு இல்லாத உயர்ந்த சீரிசைகள் புதிதாகப் பிறக்கின்றன. பின்னூட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் எல்லைக்குப் பிறகு அவையும் தேய்ந்து மறைகின்றன. ஆக, சிறிதளவு பின்னூட்டம் கெடுக்கலாம், பெரிதளவு திருத்தும். வால்வுக் கருவிகளில் ட்ரான்ஸ்ஃபார்மர் தடுப்பதால் பெரிதளவு கொடுக்க முடிவதில்லை. பின்னூட்டத்தை எதிர்ப்பவர்களின் காதுகள் ஏதோ ஒன்றைச் சரியாகவே கேட்டிருக்கக்கூடும். அதைப் பின்னூட்டத்துக்கே உரிய குற்றமாக்கியதுதான் மிகை.

நெல்சன் பாஸ் பின்னூட்டம் குறைத்து அமைத்த ஒற்றை ட்ரான்சிஸ்டர் கருவிகளும் 2ஆம் சீரிசை மிகுந்த திரிபையே தருகின்றன. ஒற்றை ட்ரையோடின் குணம் என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு கண்ணாடிக் குமிழுக்குரியது அல்ல, சுற்றின் அமைப்புக்குரியது என்பதற்கு இது நல்ல சான்று.

காதை வைத்துச் செய்த சோதனைகள்

1973இல் ரஸ்ஸல் ஹாம், வால்வும் ட்ரான்சிஸ்டரும் அளவுமீறித் தூண்டப்படும்போது வேறுபட்ட சீரிசைகளைத் தருகின்றன என்று காட்டினார். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இது. ஆனால் அவர் ஆராய்ந்தது ஒலிப்பதிவுக்கூட மைக்ரோஃபோன் பெருக்கிகளை. வீட்டு ஆம்ப்ளிஃபயர் அந்த நிலைக்குப் போகாமல் இருந்தால் அவர் முடிவு பொருந்தாது.

1978இல் ஜேம்ஸ் மோயர், எந்தக் கருவி ஒலிக்கிறது என்று சொல்லாமல் நடத்திய மறைசோதனையில் குவாட் II வால்வு ஆம்ப்ளிஃபயரையும் குவாட்டின் இரண்டு ட்ரான்சிஸ்டர் கருவிகளையும் கேட்டவர்களால் வேறுபடுத்த முடியவில்லை. வால்வு மோகத்துக்கு எதிராக இதைக் காட்டுவது வழக்கம். குவாட் II பின்னூட்டம் கொண்ட புஷ்-புல் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நன்றாக வடிவமைத்த புஷ்-புல், தன் சக்தி எல்லைக்குள், ட்ரான்சிஸ்டரைப் போலவே ஒலிக்கும் என்பதுவரை அந்தச் சோதனை சொல்கிறது. ஒற்றை ட்ரையோடைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

1985இல் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் இதழ் வைத்த சவாலை ஏற்று, ஒரு விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயரின் நடத்தைக்கு இணையாகத் தன் மலிவான ட்ரான்சிஸ்டர் கருவியை மாற்றிக் காட்டினார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எஞ்சுவது மிகச் சிறிதாகும்வரை திருத்தினார். அதன்பின் இதழின் விமர்சகர்களாலும் வேறுபாடு சொல்ல முடியவில்லை. வால்வு ஒலி என்பது அளக்கவும் படியெடுக்கவும் கூடிய ஒன்று என்பதற்கு இது வலுவான சான்று. அது ஏன் பிடிக்கிறது என்பதற்கு இதில் விடை இல்லை.

எது நிற்கிறது, எது திறந்திருக்கிறது

86 முதல் 90 டெசிபல் வரையான ஸ்பீக்கர்களோடு சாதாரண அறையில் எல்லா வகை இசையும் கேட்பவருக்கு, இஎல்34 அல்லது கேடி88 கொண்ட, மிதமான பின்னூட்டமுள்ள அல்ட்ரா லீனியர் புஷ்-புல்தான் இன்றுள்ள சான்றுகள் தாங்கும் தேர்வு. 95 டெசிபலுக்கு மேல் உணர்திறனும், பெரிதாக ஏறி இறங்காத மின்மறுப்பும் கொண்ட ஸ்பீக்கர் வைத்திருந்தால் ஒற்றை ட்ரையோடு தன் பிறப்பிடச் சூழலில் இருக்கிறது. அப்போது அதன் குறைகள் பலவும் அடங்கிவிடுகின்றன. ஸ்பீக்கரைச் சொல்லாமல் இவ்விரண்டையும் தரவரிசைப்படுத்தும் எந்தப் பரிந்துரையையும் ஐயத்தோடு பார்ப்பதே நல்லது.

தீராதவை இரண்டு. திரிபின் எந்த அளவீடு கேட்பவரின் விருப்பத்தை முன்கூட்டிச் சொல்லும் என்பது முதலாவது. 2003இல் ஏர்ல் கெட்டீஸும் லிடியா லீயும் வெளியிட்ட ஆய்வு, மொத்தத் திரிபுச் சதவீதத்துக்கும் கேட்பவரின் மதிப்பீட்டுக்கும் பயனுள்ள தொடர்பு ஏதும் இல்லை என்று காட்டியது. அவர்களுடைய மாற்று அளவீடு தொழில்துறையின் வழக்கத்துக்கு வரவில்லை. ஷார்ட்டர் 1950இல் நின்ற இடத்திலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஒற்றை ட்ரையோடை விரும்புகிறவர்கள் உண்மையில் எதை விரும்புகிறார்கள்: 2ஆம் சீரிசையையா, வெளியீட்டு மின்மறுப்பு ஸ்பீக்கரில் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தையா? இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. திரிபு மிகக் குறைந்த ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு 3 ஓம் மின்தடையை வைத்து, ஒலியளவைச் சமப்படுத்தி, 300பி கருவியோடு மறைசோதனை செய்ய வேண்டும். வேறுபாடு மறைந்தால் காரணம் மின்மறுப்பு. மறையாவிட்டால் சீரிசைகளுக்கு நாம் இதுவரை கொடுத்ததைவிட அதிக மதிப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு ஸ்பீக்கரில் செய்தால் போதாது. கொம்பு, மூடிய பெட்டி, மின்னிலையியல் தகடு என்று வெவ்வேறு மின்மறுப்புக் கொண்டவற்றில், தனிக்குரல் முதல் முழு வாத்தியக்குழு வரை மாற்றி மாற்றிச் செய்துபார்க்க வேண்டும்.